உப்புச் சர்க்கரைக்கு நான் கொடுத்த பாக்கெட்

எனக்குச் சமைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ரசத்துக்கு எவ்வளவு உப்பு என்று இன்றைக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுத்தான் கேட்பேன். அப்படிப்பட்ட நான்தான் ஒன்றரை வருடமாக நாலு லட்சம் பேருக்கு எந்த உப்பைப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நீங்களும் சிரிக்கலாம் இன்ஸ்பெக்டர் மேடம். காவல் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதற்காக முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

என் பெயர் அறிவுமதி. உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஒன்பது வருடம் பாடம் எடுத்தேன், பதினோரு ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினேன். அவற்றை முழுதாகப் படித்தவர்கள் இரண்டே பேர், நானும் என் நெறியாளரும். நெறியாளர் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பிறகு ஒருநாள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வேகவைத்தால் முட்டை ஏன் கெட்டியாகிறது என்று ஒன்றரை நிமிடம் பேசி இன்ஸ்டாகிராமில் போட்டேன். நாமக்கல் பக்கம் முட்டையைப் பற்றிப் பேசினால் விடுவார்களா? சாயங்காலத்துக்குள் அறுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். நான் மொட்டை மாடிக்குப் போய், துணி காயும் கொடிகளுக்கு நடுவில் தனியாக ஆடினேன். அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் எல்லாம் திருவிழாதான். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா, “முட்டை டாக்டருங்களா நீங்க?” என்று கேட்டு ஒரு முழம் கூடவே வைத்துக் கொடுத்தார். கல்லூரி முதல்வர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். இரண்டு மாதத்தில் ‘வெள்ளளம்’ உப்புக் கம்பெனியிலிருந்து விளம்பர அதிகாரி கலையரசன் வந்தார். அம்மாபேட்டைக்காரர், வாய் நிறைய மேடம்.

“நடிகை சொன்னா ரசிப்பாங்க மேடம். விஞ்ஞானி சொன்னா எதுத்துக் கேக்க மாட்டாங்க” என்றார்.

அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெள்ளளம் நல்ல உப்பு. சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அது நன்மை. ஆய்வுகளையெல்லாம் படித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். என் வீடியோ எதிலும் ஒரு பொய்கூட இல்லை, தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் பாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க என் படத்தை அச்சிட்டார்கள். மல்லசமுத்திரத்து மளிகைக் கடையில் நாற்பது அறிவுமதி வரிசையாக நின்று சிரித்தார்கள். வாங்க ஒன்றுமே இல்லாமல் அந்தக் கடைக்குள் மூன்று தடவை போய் வந்தேன்.

அதே மல்லசமுத்திரத்தில்தான் என் பெரியப்பா வேலுசாமி இருந்தார். அப்பா போன பிறகு என்னைக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் பழுது. சேலத்து டாக்டர் இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, உப்பு பேருக்குத்தான் என்று சொல்லி நாலு வருடம் ஆகியிருந்தது. அவர் விளைவித்த மரவள்ளிக் கிழங்கையே அவர் சாப்பிட முடியாது. ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர். எந்தப் பாக்கெட்டை வாங்கினாலும் கண்ணாடி மாட்டி, பூதக்கண்ணாடியும் பிடித்து, பின்னால் உள்ள பொடி எழுத்தை ஒன்றுவிடாமல் படிப்பார். பிஸ்கட் பாக்கெட்டுக்கே கால் மணி நேரம் ஆகும். அவருக்கென்றே கடைக்காரர் ஒரு ஸ்டூல் வைத்திருந்தார். மகள் பிரவீனாவின் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

வரன் வந்தது. ஜலகண்டாபுரத்துப் பையன், பெயர் இளவழகன். எங்கள் வழக்கத்தில் நிச்சயத்தை உப்புச் சர்க்கரை என்போம். இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதி. எங்கள் குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு. அந்த உப்பைக் கொட்டக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, கல்யாணத்துக்குள் பெண் வீட்டுச் சமையலில் போட்டே தீர்க்க வேண்டும்.

சபையில் கல்லுப்புக்குப் பதிலாக வெள்ளளம் வைத்தால் என்ன என்று எனக்குத்தான் தோன்றியது. கலையரசன் போனிலேயே கை தட்டினார். ‘உப்புச் சர்க்கரையில் அறிவியல்’ என்று வீடியோவுக்குத் தலைப்பும் நானே வைத்தேன். மணமக்கள் பெயர் அச்சிட்ட தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டி, பன்னிரண்டு பாக்கெட்டைத் தாம்பாளத்தில் அடுக்கினேன். அத்தனை அழகாக இருந்தது.

பெரியப்பா ஒரு பாக்கெட்டை எடுத்தார். வழக்கம்போலத் திருப்பினார், கண்ணாடியை மாட்டினார். பிரவீனா, இளவழகன் என்று சத்தமாகப் படித்தார். கண் கலங்கிவிட்டது. படிக்க வேறொன்றும் இல்லாததால் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதை நான் சாப்புடலாமா சாமி?”

“உங்க மக நிச்சயத்து உப்புங்க பெரியப்பா. மத்த உப்பாட்டம் இல்லைங்க” என்றேன்.

நான் சாப்பிடலாம் என்று சொல்லவில்லை. வீடியோவைப் போட்டுப் பாருங்கள் மேடம், அந்த வார்த்தையே இருக்காது.

மறுநாள் பாப்பாயி பெரியம்மா அந்த உப்பைப் போட்டு அரிசிம்பருப்புச் சாதம் செய்தார். பெரியப்பா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். “நாலு வருசங் கழிச்சு என்ற நாக்கு ஊட்டுக்கு வந்திருக்குது சாமி” என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பல் இல்லாத அந்தச் சிரிப்பைப் பதினெட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். எந்த நடிகருக்கும் அமையாத சிரிப்பு. கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு பெரிய கேக் வந்தது, பாக்கெட் வடிவத்தில்.

அந்த வீடியோவுக்குக் கீழே ஆத்தூர் நர்ஸ் ஒருவர் எழுதியிருந்தார். ஐயா முகம் வீங்கியிருக்கிறது, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் இந்த உப்பு ஆகாது, உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்று. சரியாகத்தான் எழுதியிருந்தார். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது, அது ரத்தத்தில் ஏறும், ஏறினால் இதயத்துடிப்பு குலையும். இரண்டாமாண்டு மாணவர்களுக்கு நான் வருடா வருடம் நடத்துகிற பாடம் இது. அந்தக் கருத்தை நீக்கினேன். அவ்வளவு வாழ்த்துக்கு நடுவில் அது ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது.

ஐந்தாவது வாரம் அடுத்த வீடியோவுக்காகப் போனேன். பெரியப்பா வாசல்படி ஏற முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

“காலு ரெண்டும் நம்மளுதாட்டவே இல்ல சாமி. நெஞ்சு அப்பப்ப படபடங்குது” என்றார்.

அது என்ன என்று எனக்குத் தெரிந்தது. முதலில் எடுத்துவிடுவோம், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார வைத்து, கால் தெரியாமல் எடுத்தேன். முடித்தபோது அவர் அத்தனை உற்சாகமாக இருந்தார், எனக்கும் வண்டிக்கு நேரமாகிவிட்டது. வீடியோ வெளியாகட்டும், போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். புது பாக்கெட் இரண்டைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

நான் அழவில்லை என்று பிரவீனா உங்களிடம் சொல்லியிருப்பாள். அழுதேன். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாலு வருடமாகச் சப்பென்று தின்றுகொண்டிருந்த மனிதருக்கு முப்பத்தேழு நாள் ருசியாகச் சாப்பாடு கிடைத்தது. எந்த டாக்டரும் கொடுக்காததை நான் கொடுத்தேன். இதை யாராவது ஒருவர் சொல்வார்கள் என்று துக்க வீட்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தங்க ஸ்டிக்கரைப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொள்ள நினைத்து பிரவீனா மெதுவாக உரித்திருக்கிறாள். அப்பா கடைசியாக வாய்விட்டுப் படித்த அவளுடைய பெயர் அல்லவா. அதற்கடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைத்தான் உங்கள் மேஜைக்குக் கொண்டுவந்தாள். சிறுநீரக நோயாளிகள் பயன்படுத்தக் கூடாது.

ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்று முடிவு செய்தது யார் என்று கேட்டீர்கள். கலையரசன் முன்பக்கம் ஒட்டச் சொன்னார், அவர் மேல் தப்பில்லை. பன்னிரண்டையும் பின்பக்கம் என் கையால் ஒட்டினேன். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் ஒட்டினேன். பெரியப்பா அதைப் படிப்பார் என்றும் தெரியும். முன்பக்கம் ஒட்டியிருக்கலாமே என்கிறீர்கள். ஒரு பாக்கெட்டில் ஒட்டியும் பார்த்தேன் மேடம். என் முகம் பாதி மறைந்துபோனது.