அளந்து குடிப்பவர்கள்

மலேசியாவின் சிகாமட் நகரில் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நிலையம் அது. ஊசி குத்துவதற்கு முன் எல்லாரையும் எடை பார்ப்பார்கள். கூடியிருக்கும் எடையெல்லாம் உடம்பில் தேங்கிய தண்ணீர். அப்பாவோடு அந்த வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு நாற்பது வயதிருக்கும். தன் பக்கத்தில் நின்ற, சற்று மூத்த அம்மா ஒருவரிடம் சொன்னார்:

“நேத்து கனவுல ஒன்னுக்குப் போனேன்க்கா.”

வேறு இடமென்றால் சிரித்திருப்பார்கள்.

“நெறையவா தம்பி?”

“நெறைய. எந்திரிச்சதும் அழுகையே வந்துருச்சு.”

“எனக்கு ஒன்னுக்கு வர்றதே நின்னு ரெண்டு வருசமாச்சு. முன்னெல்லாம் எவ்வளவு குடிச்சோம், எவ்வளவு போச்சுன்னு யாரு பாத்தா? உடம்பே பாத்துக்கிச்சு. இப்ப மாத்திர முழுங்கக்கூட அளந்து ஊத்த வேண்டியிருக்குலா. தைப்பூசத்துக்குப் போனியா?”

“தண்ணிப் பந்தல்லதான் நின்னேன். ரோஸ் சிரப் ஊத்திக் குடுத்தேன்.”

“நீ குடிக்கலையே?”

“ஒரு வாய்கூட இல்லக்கா. எல்லாரும் மடமடன்னு குடிக்கறப்ப தொண்டையையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தர் பாதி குடிச்சிட்டு மீதியக் கீழ ஊத்துனாரு. என் கை தானா நீண்டுருச்சு.”

அதற்குள் அவர் முறை வந்தது. தராசில் ஏறினார்.

“ஒன்னரை கிலோதான் கூட. நல்லா கட்டுப்பாடா இருக்கீங்கண்ணே,” என்றாள் தாதி.

அவர் இறங்கிச் செருப்பைத் தேடினார்.

“அடுத்த வருசம் நானும் பந்தலுக்கு வரேன் தம்பி,” என்றார் அந்த அம்மா. “ஊத்திக் குடுக்கறதுக்கு அளவு இல்லல்ல?”