பெரிய மணியின் கயிறு

டீயில் பாலை முதலில் ஊற்றட்டுமா, பிறகு ஊற்றட்டுமா, இன்ஸ்பெக்டர் தம்பி? இதையே பேராலய வாசலில் குடித்திருந்தால் நாலு மடங்கு விலை கொடுத்துக் காகிதக் கோப்பையில் வாங்கியிருப்பீர்கள். வரலாற்றுச் சிறப்புமிக்க நகர மையம் என்றால் அப்படித்தான். மதிலும் பழையது, கேக்கும் பழையது. இரண்டுக்கும் வரிசையில் நிற்கிறார்கள்.

என் கணவர் ஆம்புரோஸ் எப்படி இறந்தார் என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன். ஆனால் ரூபர்ட் ஹாலமிலிருந்து தொடங்கினால்தான் ஒழுங்காக வரும்.

ரூபர்ட் லண்டனிலிருந்து வந்தவர். பேராலய வளாகத்துக்குள், மணிக்கோபுரத்தின் நிழல் விழும் இடத்தில் வீடு வாங்கினார். வாங்கிய பிறகு ஊரில் உள்ள குறைகளையெல்லாம் கண்டுபிடித்துத் தந்தார். புறா எச்சம், சுற்றுலா வந்தவர்களின் சிரிப்பு, டீக்கடைக்காரர் நடைபாதையில் போடும் நாற்காலி. இத்தனை நூற்றாண்டாக எங்களுக்கு இதெல்லாம் தெரியாமலே போயிருந்தது. நன்றி சொல்ல வேண்டாமா?

அப்புறம் ஒருநாள் நகர மன்றத்திலிருந்து உத்தரவு வந்தது. மணிச் சத்தம் பற்றி யாரோ தொலைபேசியில் புகார் செய்தார்களாம். இனி ஞாயிறு காலையில் மணி அடிக்கக் கூடாது. பெயரைச் சொல்ல மாட்டார்களாம். சொல்லவும் வேண்டுமா? மணியடிக்கும் குழுவுக்கு நான்தான் தலைவி. கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. வேண்டாத விருந்தாளியை அனுப்புவதுபோல என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ரூபர்டைச் சந்தையில் பார்த்தபோது பாலாடைக்கட்டிக் கடை முன்னால் நின்றிருந்தார்.

"ஏங்க, எங்க மணி உங்கள என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"ஐயோ மேடம், நான் இல்லீங்க. ராத்திரி காது மெஷினைக் கழட்டி வெச்சா, காலைல காபி குடிச்சுட்டுதான் மாட்டுவேன். நீங்க பீரங்கியே வெடிச்சாலும் எனக்குக் கேக்காது."

"அப்போ ஒருநாள் கோபுரத்து மேல வந்துதான் பாருங்களேன்."

"நெஜமாவா? கூப்பிட மாட்டாங்களான்னு ஏங்கிட்டு இருந்தேன்," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. பொய் சொல்பவர்கள் எவ்வளவு இயல்பாகச் சிரிக்கிறார்கள் என்று அன்று வியந்தேன்.

எங்கள் மணிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் ஆட்டி ஆட்டி, வாய் வானத்தைப் பார்க்கத் தலைகீழாக நிறுத்திவிட்டுத்தான் அடிப்போம். முடிந்ததும் மறுபடி வாய் தரையைப் பார்க்க இறக்கி வைக்க வேண்டும். தலைகீழாகவே விட்டால் கயிற்றில் ஓர் எச்சரிக்கைப் பலகையைத் தொங்கவிட வேண்டும். பெரிய மணி இரண்டு டன். தலைகீழாக நிற்கையில் பழக்கமில்லாதவர் கயிற்றை இழுத்தால் மணி கவிழும், கயிறு மேலே பாயும். எப்போது கையை விட வேண்டும் என்று தெரியாதவரும் கூடவே போவார். கூரைவரை போவார். திரும்பி வரும்போது இன்னும் வேகம்.

வார நாள் பயிற்சிக்கு மட்டும் நகர மன்றம் பெரிய மனது பண்ணி அனுமதி தந்திருந்தது. அன்று முடிந்ததும், "நீங்கள்லாம் கிளம்புங்க, பெரிய மணிய நான் பாத்துக்கறேன்" என்று மற்றவர்களை அனுப்பிவிட்டேன். பார்த்துக்கொண்டேன், இறக்கவில்லை. மறுநாள் பார்த்தால் பலகையில் ஒரே தூசி. விருந்தாளி வரும்போது அசிங்கமாக இருக்குமே என்று துடைப்பதற்காகக் கழற்றினேன். ரூபர்டிடம் தெளிவாகவே சொன்னேன், "எதையும் தொடாதீங்க, நான் ஜன்னலைத் திறந்துட்டு வரேன்." தொடாதே என்றால் தொடுகிற மனிதர் அவர். நான் என்ன செய்ய முடியும்? ஜன்னல் திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

நீங்கள்தான் வந்தீர்கள். ஆர்வக் கோளாறு, விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். எனக்கு ஆறுதல்கூடச் சொன்னீர்கள். அப்போதும் இதே கோப்பையில்தான் டீ கொடுத்தேன்.

ரூபர்டுக்கு மரியாதை செய்யும் விதமாக நகர மன்றம் தன் உத்தரவை விலக்கிக்கொண்டது. மணிகளை அவ்வளவு ஆசையாகப் பார்க்கப் போனவர் அல்லவா. அந்தச் செய்தியைக் காலையில் ஆம்புரோஸிடம் சொன்னேன். ரொட்டியில் ஆரஞ்சு ஜாம் தடவிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஹெஸ்டர், பாவம் அந்த மனுஷன். போன் பண்ணது அவர் இல்ல. நான்."

"நீங்களா?"

"கோவிச்சுக்காத. எனக்கு அந்தச் சத்தம் ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்காது. தலைவலி வரும். அதுகூடப் பரவால்ல. நான் போன் பண்ற வரைக்கும், கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழம காலைலயாவது நீ என் பக்கத்துல இருந்திருக்கியா? உன்கூட நிதானமா உக்காந்து ஒரு டீ குடிக்கணும்னு ஆசப்பட்டேன். அவ்வளவுதான்."

கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது பாருங்கள். காதலித்த நாட்களில் நான் மணி அடித்து முடிக்கும்வரை சந்தைத் திடலில் மழையில் நின்றிருப்பார். இறங்கி வந்ததும், "பிரமாதம்" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். வயதானால் மனிதர்களுக்கு நினைவு குழம்பிவிடுகிறது. பிடித்ததைப் பிடிக்கவில்லை என்கிறார்கள். நான் கோபப்படவே இல்லை. அவருக்கு ஞாபகப்படுத்த நினைத்தேன், அவ்வளவே.

அவர் அதுவரை மேலே ஏறியதே இல்லை. முழங்கால் வலி. மெதுவாகப் போனோம், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கயிற்றைப் பார்த்ததும் தயங்கினார்.

"இது அந்தக் கயிறுதானே, ஹெஸ்டர்?"

"மணிய இறக்கி வெச்சாச்சுங்க. பயப்படாதீங்க. ஒரே ஒரு தடவ இழுத்துப் பாருங்க."

"இழுத்தா அடுத்த ஞாயித்துக்கிழம வீட்ல இருப்பியா?"

"இருக்கேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சிரித்துக்கொண்டே இழுத்தார். என் பேச்சை அவர் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. நல்ல குடும்பத்துக்கு அதுதானே அடையாளம்?

நானும் வாக்குத் தவறவில்லை. போன ஞாயிறு காலை முழுவதும் இங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கோப்பை எடுத்து வைத்தேன். அவருடையது ஆறிப்போயிற்று.

ஒரே கயிற்றில் இரண்டு விபத்து என்றால் நீங்கள்கூட யோசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, உங்களோடு வருகிறேன். கோட்டு அதோ மாட்டியிருக்கிறது. உங்களிடம் ஒரே ஓர் உதவி கேட்கிறேன். நாளைக்கு அடக்கம். இறந்தவர்களுக்கு மணி நாக்கின் ஒரு பக்கம் தோலைக் கட்டி அடிப்போம், ஒரு முறை ஓங்கியும் மறுமுறை எங்கோ தொலைவில் கேட்பதுபோலவும் ஒலிக்கும். அதை மட்டும் நான் அடித்துவிட்டு வந்துவிடுகிறேன், தம்பி. மணியோசை இல்லாமல் அனுப்பினால் அவருக்கு மனசு ஆறாது. அந்தச் சத்தம் என்றால் ஆம்புரோஸுக்கு உயிர்.