வெறும் தண்ணீர் விழுந்த மரத்துக்கு ஒரு வணக்கம்

மயிலாப்பூரின் மொட்டை மாடிகளை மரகத மாடிகளாக மாற்றிவிட்ட நம் வீட்டுத்தோட்டக் குழுவின் தலைவரே, இந்த விழாவுக்கும் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் விஜயராகவன் அவர்களே. முன்வரிசையில் முறுவலோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே. விளக்கேற்றிவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, விடாமல் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே. தியாகராய நகரிலிருந்தும் திருவான்மியூரிலிருந்தும் நங்கநல்லூரிலிருந்தும் நெரிசலில் நீந்தி வந்திருக்கும் நண்பர்களே. நான் முடித்தால்தான் காபி என்று தெரிந்தும் நம்பிக்கை இழக்காத நல்ல உள்ளங்களே, உங்கள் அனைவருக்கும் சாந்தோம் ஐவியின் அன்பு வணக்கம்.

நான் கல்லூரியில் தாவர நோய்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். மணி அடிக்கும்வரை பேசிப் பழகிய வாய் இது. இங்கே மணி அடிக்க ஆளில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். பின்னாலிருந்து ஒருவர், "இன்னா மேடம், சவுண்டு கம்மியா கீது" என்கிறார். இதோ, மைக்குக்குக் கிட்டே வந்துவிட்டேன். அரை மணி கழித்து, சவுண்டு ஜாஸ்தியா கீது என்று அவரே சொல்லக் கூடாது.

அன்பர்களே, எலுமிச்சையை அறியாதவர் இந்த அவையில் உண்டா? சோற்றில் பிழிந்தால் சாதம். சர்க்கரையில் பிழிந்தால் சர்பத். உப்பில் ஊறினால் ஊறுகாய். அம்மன் கழுத்தில் ஏறினால் மாலை. புது வண்டியின் சக்கரத்தடியில் வைத்தால் பூஜை. கடை வாசலில் மிளகாயோடு கட்டினால் காவல். ஊர்க் கண்ணையெல்லாம் தன் தலையில் வாங்கிக்கொள்ளும் அந்த எலுமிச்சைக்கே கண் பட்டுவிட்டால், அதற்கு நாம் எதைச் சுற்றிப் போடுவது?

பட்டுவிட்டது. அதன் பெயர் சொறி நோய். கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா காற்றில் ஏறி, மழைச் சாரலில் சவாரி செய்து, துளிர் இலையில் இறங்குகிறது. இலையில் மஞ்சள் வளையம் போட்ட புண். பழத்தின் தோலில் சொரசொரப்பான வடு. உள்ளே சாறு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வடு விழுந்த பழத்தை வியாபாரி வாங்குவாரா? அம்மன் மாலையில் கோப்பார்களா? பார்த்த கண்ணே ஒதுக்கிவிடும்.

இதற்குத் தாமிர மருந்து அடிப்பது வழக்கம். அதைக் குறைக்க வழி உண்டா என்று தேடித்தான் நாங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் போனோம். கிராம்பு, பட்டை, ஓமம் என்று ஒவ்வொன்றின் சத்தையும் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் சோதித்தோம். கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கிறது. நடுவில் ஓமத்தின் எண்ணெய் ஒரு சொட்டு. மறுநாள் பார்த்தால் சொட்டைச் சுற்றி ஒரு கிருமிகூட இல்லை, வட்டமாகத் துடைத்துவிட்டது போல. நான் ஆடினேன், பாடினேன், ஆய்வகத்துக்கே லட்டு வாங்கினேன். என் ஆராய்ச்சி மாணவி கரோல் மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "மேம், இது தட்டு. தட்டுல மழை பெய்யாதே?"

லட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். தட்டில் வென்றது மரத்தில் வெல்லுமா? வெயிலில் வெல்லுமா? மழையில் வெல்லுமா? அதை அறிய மரங்கள் வேண்டும். அப்போது, "எங்கள் வீட்டு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முன்வந்தது நீங்கள். மாடித் தொட்டியில் ஒரு மரம், கொல்லையில் ஒரு மரம், மாடிப்படிக்குக் கீழே ஒரு மரம் என்று எத்தனை மரங்கள் கொடுத்தீர்கள்.

பாதி மரங்களுக்கு ஓமக் கலவை. மீதிப் பாதிக்கு வெறும் தண்ணீர். ஏன் தண்ணீர் என்று பலர் கேட்டீர்கள். அந்த ஆண்டு மழை குறைந்தால் நோயும் தானாகக் குறையும். மழை செய்த வேலைக்கு மருந்து மாலை போட்டுக்கொள்ளக் கூடாது அல்லவா? மருந்து கிடைக்காத மரம் பக்கத்தில் நின்றால்தான் மருந்தின் உண்மை தெரியும்.

இதையெல்லாம் நான் விளக்கினேன். தலைவர் விஜயராகவன் ஐயாவும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அந்த ஆண்டு மழையும் குறைவு. பருவம் முடிந்து இலைகளைப் பார்த்தால், எல்லா மரமும் ஒன்று போலவே இருக்கிறது. மருந்துக்கும் தண்ணீருக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கரோல்தான் தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டு வந்தாள். என்ன நடந்தது தெரியுமா? தலைவர் தன் ஓமக் கலவையில் பாதியை எதிர்வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். அவரைப் பார்த்து அடுத்த வீடு. அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. நான் கேட்டபோது என்ன சொன்னார்? "எங்காத்து மரம் மட்டும் தழைச்சுண்டு நிக்கறது, எதிராத்துல வாடிண்டு இருக்குன்னா பார்த்துண்டு சும்மா இருக்க முடியுமாம்மா?"

நான் எப்படிக் கோபித்துக்கொள்வேன்? பாயசம் வைத்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகாத தெரு நம் ஊரில் உண்டா? கிறிஸ்துமஸ் கேக்கை எங்கள் வீட்டார் மட்டுமே தின்று தீர்த்த வருஷம் உண்டா? அந்தப் பாயசம் போன வழியிலேயே மருந்தும் போய்விட்டது. உங்கள் அன்பினால், அன்பர்களே, ஒரு பருவமே பாழாய்ப் போனது. தலைவர் சிரிக்கிறார். "மரம் பொழைச்சுதோன்னோ?" என்கிறார். பிழைத்தது ஐயா. மருந்தாலா, மழை குறைந்ததாலா என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அடுத்த பருவம் சீட்டுக் குலுக்கினோம். ஓமத்தை ஒளித்து வைக்க முடியாது, தெருவே மணக்கும். அதனால் யாருக்கு மருந்து, யாருக்குத் தண்ணீர் என்பதை எல்லோருக்கும் எதிரிலேயே சொல்லிவிட்டோம். தண்ணீர்ச் சீட்டு வந்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாற்றிக் கொடுங்கள், மறுபடி குலுக்குங்கள் என்று ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் தண்ணீர்ச் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பேசாமல் நின்றவர் ஒருவர்தான். தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் இசக்கியம்மாள். தலைவர் உடனே உருகிவிட்டார். "என் சீட்டை நீங்க எடுத்துக்கோங்கோ" என்று நீட்டினார். அதற்கு அந்த அம்மா சொன்னதைக் கேளுங்கள்.

"வேண்டாம்யா. என் தம்பிக்குப் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம். அத வச்சுத்தான் அவன் குடும்பமே ஓடுது. பழத்துல சொறி விழுந்து யாவாரி பாதியத் தள்ளிட்டுப் போறான். நான் நல்ல மருந்துன்னு ஒரு வார்த்த சொன்னா, அவன் ஏன் எதுக்குன்னு கேக்காம தோட்டம் பூரா அடிச்சிருவான். நெசம் தெரியாம நான் எப்படிச் சொல்ல?"

கூச்சல் அடங்கியது. தண்ணீர்ச் சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி வந்தது. அந்த ஆண்டு மழை குறைந்ததா? கொட்டியது. கொட்டித் தீர்த்தது. இசக்கியம்மாளின் மரத்தில் துளிர்த்த இலையெல்லாம் புண், காய்த்த காயெல்லாம் வடு. எப்போதும் சொந்த மரத்துக் காயையே கடை வாசலில் கட்டுகிறவர், மார்க்கெட்டில் வாங்கிக் கட்டினார். பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். ஊரிலிருந்து தம்பி போன் மேல் போன்: "அக்கா, இங்கயும் துளிர் விட்டுட்டு. அடிக்கவா, வேண்டாமா?" அக்காவின் பதில் ஒன்றே ஒன்றுதான்: "தெரிஞ்சாச் சொல்லுதேன்." தம்பியின் துளிரும் பாழாகிவிடுமோ என்று அந்த அம்மாவுக்குத் தூக்கமே இல்லை.

நம் தலைவருக்கு மனசு கேட்குமா? ஒரு பாட்டில் ஓமக் கலவையைப் பைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்கே போய்விட்டார். ஆமாம் ஐயா, எனக்குத் தெரியும். கடையே மணத்ததாம். அந்த அம்மா அதை வாங்கவில்லை. "இத நான் ஊத்திட்டா, தம்பிகிட்ட என்னத்தச் சொல்ல?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். தலைவர் பாட்டிலோடு பஸ் ஏறித் திரும்பி வந்தார். வாரி வாரிக் கொடுத்தே பழகிய அந்தக் கை அன்று கொடுக்காமல் திரும்பியதே, அதற்காகவும் அவரை நான் வணங்குகிறேன்.

பருவம் முடிந்தது. எந்த இலை எந்த வீட்டு மரத்து இலை என்று கரோலுக்குச் சொல்லாமலே புண்களை எண்ணச் சொன்னோம். எண்ணி முடித்துப் பிரித்துப் பார்த்தால், ஓமம் விழுந்த மரங்களின் புது இலையில் புண் பாதிக்கும் கீழே. தண்ணீர் மரங்களின் இலை முழுக்கப் புண். பழைய புண்ணை ஓமம் ஆற்றவில்லை. கலவை கூடினால் துளிர் கருகுகிறது. பெருமழைக்குப் பின் மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை குறையும் உண்டு. ஆனாலும் அது வேலை செய்கிறது. கொட்டும் மழையிலும் வேலை செய்கிறது.

பாத்திரங்கள் உருளும் சத்தத்துக்கு நடுவே இதை நான் இசக்கியம்மாளிடம் சொன்னேன். "நெசந்தானா டீச்சர்?" என்றார். நிஜம்தான் என்றேன். கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்குப் போய், என் முன்னாலேயே தம்பிக்குப் போன் போட்டார்.

"ஏல, அடுத்த துளிருக்கு ஓமத்த அடி. டீச்சர் சொல்லுத அளவுக்கு மேல ஊத்தாத. ஒரு வரிசைய மட்டும் விட்டுரு. அதுக்கு வெறும் தண்ணி."

தம்பி எந்த வரிசை என்று கேட்டிருக்க வேண்டும்.

"ரோட்டப் பாத்த வரிசைய விடு. பஸ்ஸுல போறவன் வாறவன்லாம் ரெண்டையும் பாக்கட்டும்."

அன்பர்களே, விளைந்ததைக் காட்டுகிற விவசாயிகளை நாம் பார்த்திருக்கிறோம். வாடியதை வாசலில் நிறுத்தி, என்னையும் பார், பார்த்துவிட்டு நம்பு என்று சொல்கிறவரை எங்கே பார்த்தோம்? மருந்து கண்டுபிடித்தவர்கள் என்று எங்களுக்கு இன்று கைதட்டினீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்த மருந்தை நம்பலாம் என்று ஊருக்குச் சொன்னது எது? கடை வாசலுக்குக்கூடக் காய் கொடுக்க முடியாமல், கொட்டும் மழையில், வெறும் தண்ணீரோடு நின்றதே அந்த மரம். அது சொன்னது. அதை அப்படியே நிற்க விட்டாரே அந்த அம்மா. அவர் சொன்னார்.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். கையை ஆட்டுகிறார், மாட்டேன் என்கிறார். சரி, அவர் உட்கார்ந்தே இருக்கட்டும். எழுந்து நிற்க வேண்டியவர்கள் நாம்தானே? பெரியோர்களே, தாய்மார்களே, தலைவர் அவர்களே, தயவுசெய்து எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

ஓமம் தெளித்தவர்களுக்கு என் வாழ்த்து. தண்ணீர் தெளித்தவர்களுக்கு என் நன்றி. நின்றபடியே கைகூப்புகிறேன், வணக்கம்.