நேர்ந்துவிட்ட கிடாயின் நெற்றி

"ஹலோ... ஹலோ... ஓமோம், முல்லைத்தீவுதான். மீராசாகிபுதான் கதைக்கிறன்... ஆர்?... கொஞ்சம் பலத்துக் கதையும், தம்பி... ஓ, அக்கராயன் கதிர்காமநாதனோ... என்ன, ட்ரங்க் கோலிலை வாறீர்? நெல்லு நல்ல விலைக்குப் போட்டுதோ?... சரி சரி, பகிடிக்குச் சொன்னனான். கிடாய் சுகமோ?... என்ன, சத்தத்தைக் காணேல்லை?... ஓம்... ஓமோம்... ஆரை?... ஆரை இடிச்சது எண்டு சொன்னீர்?"

சிரித்துக்கொண்டு ரிசீவரை எடுத்த மீராசாகிபு கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். முல்லைத்தீவுக் கடைத்தெருவில் ஆடு மாடு வாங்கி விற்கிறவர் அவர். அந்தக் கிடாயைப் பால் மறந்த குட்டியாகக் கதிர்காமநாதனின் கையில் கொடுத்தவரும் அவர்தான். கலியாணமாகிக் கனகாலம் பிள்ளையில்லாமல் இருந்த கதிர்காமநாதனின் மனைவி கமலாசனி, வயிற்றில் ஒன்று தங்கினால் குளக்கட்டு ஐயனாருக்கு ஒரு கிடாயை உயிரோடு விடுவதாக நேர்ந்திருந்தாள். குட்டி வந்த ராசியோ, அவளுடைய கண்ணீருக்கு மேலே இருக்கிறவன் இரங்கினானோ, இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். பிள்ளை பிறந்து துடக்குத் தீட்டுக் கழிந்த பிறகுதான் கிடாயைக் கோயிலில் விடவேண்டும். அதுவரைக்கும் அது அந்த வீட்டுப் பிள்ளை.

"கமலாசனித் தங்கச்சிக்கு ஒண்டும் இல்லைத்தானே?... வேலிக் கதியாலைப் பிடிச்சுக்கொண்டாவோ... விழேல்லை... அல்லாவே, நீதான் காப்பாத்தினனீ... ஓம் தம்பி, உம்மடை ஐயனாரும்தான். நான் இல்லையெண்டே சொல்லுறன்?... வேறை ஆரை இடிச்சது?... விதானையாரையோ... வாய்க்காலுக்குள்ளையோ... வெள்ளை வேட்டியோடையோ?... இல்லைத் தம்பி, சிரிக்கேல்லை. இருமினனான்."

ஊர் அதிகாரியான விதானையார் வாய்க்காலில் கிடந்த கோலத்தை நினைத்து, ரிசீவரைச் சற்று விலக்கிவைத்து, மீராசாகிபு தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம், சொல்லும்... அடிக்கக்கூடாது, ஓம். நேந்த கிடாய்க்கு ஆர் கை நீட்டுறது?... விக்கவும் ஏலாது... அப்ப நான் என்ன செய்ய?... என்ன?... இப்பிடி மெல்லக் கதைச்சால் எனக்கு எப்பிடிக் கேக்கும்?... அதே மாதிரி இன்னொண்டோ?... கறுப்பு... நெத்தியிலை வெள்ளைச் சுட்டி... இதைத் தந்திட்டு அதைக் கொண்டுபோறதோ?... இப்பவே கூட்டிக்கொண்டு வந்திட்டீரோ?... தபாற்கந்தோர் வாசலிலை, வேப்பமரத்திலை கட்டி நிக்குது... லொறி வந்தால் ஏத்திவிட... ஓகோ."

கேட்ட மாதிரியே ஒரு சாதுக் கிடாய் மீராசாகிபுவின் பட்டியில் நின்றது. மாற்றிக்கொடுத்தால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஊர் முழுக்க இடித்துத் திரிகிற கொழுத்த கிடாயை வேண்டாமென்று சொல்லுகிற வியாபாரி எங்கே இருக்கிறான்? ஆனால் அவருக்கு வியாபாரம் நினைவுக்கு வரவில்லை.

"தம்பி, உது தங்கச்சிக்குத் தெரியுமோ?... தெரியாது. சரி. ஐயனாருக்கு?... இல்லை, சும்மா கேக்கிறன். ஐயனார் பெரிய மனசுக்காரர், பொறுத்தாலும் பொறுப்பார். தன்ரை கையாலை தீன் குடுத்து வளத்ததை மாத்தினால் கமலாசனி பொறுப்பாவோ?... ஏன் தெரியாது? பாத்த உடனை கண்டுபிடிப்பா. அதுக்குப் பிறகு உமக்குச் சோறும் இல்லை, கதையும் இல்லை... ஓம்... ஓமோம், அவவையும் பிள்ளையையும் நினைச்சுத்தான் செய்யிறீர், விளங்குது. பயம் வந்தால் நல்ல மனுசன்ரை புத்தியும் குறுக்காலை போகும்... அழாதையும், தம்பி. கந்தோருக்குள்ளை நிண்டு அழுறதே?"

அடுத்த கேள்விகளை அவர் வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி ஆறுதலாகக் கேட்டார். கொம்பைப் பிடித்துத் தள்ளி விளையாடுகிறீரா என்றார். ஊர்ப் பிள்ளைகள் யாரும் அதோடு முட்டி விளையாடுகிறார்களா என்றார். ஒன்றுமில்லைப் போலும்.

"அப்ப, விடிய எழும்பினால் முதல் என்ன செய்யிறனீர்?... உம்மடை பல்லுத்தீட்டலை விடும். கிடாயோடை... ஓம்... திருநீறு பூசுறனீர்... நெத்தியிலை... விரலாலையோ?... உள்ளங்கையை முழுசா வைச்சு... அமத்தி... தேவாரம் முடியுமட்டும் அமத்தியோ?... ஒவ்வொரு நாளுமோ?"

இப்போது அவர் சிரிக்கவில்லை. அடுத்தவனின் வணக்கத்தில் தன் கால் பட்டுவிடக்கூடாது என்று பார்த்து நடக்கிற மனிதர் அவர். கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறந்தார்.

"தம்பி, கோவிக்கக்கூடாது. திருநீறைப் பற்றி நான் ஒண்டும் சொல்லமாட்டன். அது உம்மடை பக்தி. நான் சொல்லுறது கையைப் பற்றி. கிடாய்க்கு நெத்தியிலை அமத்தினால், அதின்ரை பாசையிலை 'வா, தள்ளிப் பாப்பம்' எண்டு அர்த்தம்... ஓம்... நீர் தேவாரம் படிக்கிறீர், அது சண்டை பழகுது... கை எடுக்கேக்கை நீர் தோத்துப்போனீர் எண்டு நினைக்குது. உம்மை வெண்டாச்சு, இனி விதானையாரைப் பாப்பம் எண்டு வெளிக்கிட்டிருக்கு... இல்லை இல்லை, பாவமில்லை. தெரியாமல் செய்தது. கும்பிட்ட கைதானே... முதுகிலை பூசும், அது காணும். ஐயனாருக்கு முதுகெண்டால் என்ன, நெத்தியெண்டால் என்ன?"

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இடிக்க வந்தால் தலையைத் தள்ளக்கூடாது, பின்வாங்கவும் கூடாது. பக்கவாட்டில் நின்று கழுத்துக் கயிற்றைப் பிடித்து, தாடையை மேலே தூக்கவேண்டும். தலை மேலே போனால் ஆட்டால் இடிக்க முடியாது. தீனைக் கையில் ஊட்டாமல் பெட்டியில் வைத்துவிட்டு விலகவேண்டும். பழகினது ஒரு நாளில் மறக்காது, அது மறக்குமட்டும் கமலாசனி அதற்குக் கிட்டவே போகக்கூடாது.

"கண்டிப்பா, தம்பி. அவவிட்டை நான் சொன்னதெண்டு... என்ன?... ஆர் வாறது?... தங்கச்சியோ? உம்மைத் தேடிக்கொண்டோ?... வாசலாலை வரவேண்டாமெண்டு சொல்லும்... என்ன, கிடாய் கட்டை அவிட்டிட்டுதோ?... தம்பி, கத்தாதையும். நெத்தியிலை கை வையாதையும். பக்கத்தாலை போம், கழுத்துக் கயித்தைப் பிடியும், தாடையைத் தூக்கும்... தாடையை... தம்பி?... தம்பி?"

அக்கராயன் தபாலகத்து மேசையில் ரிசீவர் விழுந்த சத்தம் காதில் அறைந்தது. பிறகு மர வாங்கு ஒன்று தரையில் இழுபட்டது. யாரோ கூப்பிட்டார்கள். பிறகு ஒன்றுமில்லை. கடை வாசலில் ஒருவர் மீராசாகிபுவை இரண்டு முறை அழைத்தார், அது அவருக்குக் கேட்கவில்லை. அவருடைய உதடுகள் மாத்திரம் அசைந்துகொண்டிருந்தன.

"ஹலோ... ஓம், ஓம், இருக்கிறன்... தங்கச்சி, நீங்களோ... விழேல்லைத்தானே?... அல்ஹம்துலில்லாஹ்... முதல் கதிரையிலை இருங்கோ. இருந்திட்டீங்களோ?... அவர் எங்கை?... தாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு... அது வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்குதோ... அவருமோ?... ஓம், சொன்னால் கேக்கும், நல்ல பிறவி... இல்லைத் தங்கச்சி, நான் கிடாயைச் சொல்லேல்லை."

அவள் சிரித்திருக்க வேண்டும். மீராசாகிபுவின் முகமும் மலர்ந்தது. அடுத்த கேள்வியில் அது அப்படியே நின்றுவிட்டது.

"அவர் என்னத்துக்குக் கோல் எடுத்தவரோ?... லொறியோ... ஆர் சொன்னது, தபாற்காரரோ?"

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி அந்த மனுசனைக் காப்பாற்றலாம். உண்மையைச் சொல்லி மாட்டியும்விடலாம். இரண்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"தங்கச்சி, அதை நான் சொன்னால் வடிவில்லை. வீட்டை போகேக்கை அவரிட்டையே கேளுங்கோ... ஓம், பிழையான யோசினை ஒண்டு யோசிச்சவர்தான். ஆனால் உங்களை நினைச்சுப் பயந்துதான் யோசிச்சவர். கதைக்கேக்கை குரல் நடுங்கினது எனக்குக் கேட்டது... மறைக்கமாட்டார், தங்கச்சி. கேட்டால் சொல்லுவார்... ஓமோம், கேக்கத்தான் வேணும். ஒண்டு மட்டும், நீங்கள் கேக்கேக்கை கொஞ்சம் சிரிச்ச முகமா..."

இணைப்பு அறுந்தது.