தாளிலே தோண்டிய குழி

அவையை அடக்கி ஆள அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அடுத்த ஊரிலிருந்து அழையாமலே வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! போன வாரம் முழங்கால் தண்ணீரில் நின்ற தாய்மார்களே! அந்தத் தண்ணீரை அனுப்பிவைத்த என் சக கட்டட ஒப்பந்தக்காரர்களே! அனைவருக்கும் ஈரம் காயாத என் வணக்கம்!

மேகத்துக்கு எல்லை தெரியுமா? மழைக்கு மாநகராட்சி தெரியுமா? தெரியாது! ஆனால் சட்டத்துக்குத் தெரியும். நம் ஊரையும் பக்கத்து ஊரையும் பிரிப்பது ஒரே ஒரு தெரு. இந்தப் பக்கம் நம் விதி, அந்தப் பக்கம் அவர்கள் விதி. நம் விதி என்ன சொல்கிறது? வீடு கட்டுபவர் மழைநீர்க் குழியை வரைபடத்தில் காட்ட வேண்டும். காட்டினோம்! வட்டமாய்க் காட்டினோம், வண்ணம் தீட்டிக் காட்டினோம், வாங்கிய அதிகாரி வாயாரப் பாராட்டும்படி காட்டினோம். தோண்டச் சொன்னார்களா? சொல்லவில்லையே!

அவர்கள் விதியைக் கேளுங்கள். வீடு முடிந்ததும் ஒரு லாரித் தண்ணீரை மனைக்குள் கொட்டுவார்கள். அதிகாரி வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். ஒரு சொட்டு தெருவுக்கு வந்தாலும் குடியேற அனுமதி கிடையாது.

"அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஐயா, நானும் அப்படித்தான் சிரித்தேன். என் வீடு இந்தப் பக்கம், என் தங்கை வீடு நேர் எதிர்ப்பக்கம். அவள் குழி வெட்டியபோது, "எதுக்கும்மா, நீச்சல் பழகப் போறியா?" என்று கேலி செய்தவன் நான். என் முற்றத்தையோ மூலைமுடுக்கு விடாமல் சிமெண்ட் பூசி மெழுகியிருந்தேன்.

பெய்தது மழை. அவள் குழி அவள் வீட்டு மழையைக் குடித்தது. தெருவின் நம் பக்கத்துப் பதினான்கு வீட்டு மழையையும் சேர்த்துக் குடிக்க அதற்கென்ன தலைவிதியா? தங்கை போனில் கூப்பிட்டாள். "அண்ணா, உன் வீட்டுத் தண்ணி என் அடுப்படிக்கு வந்திருக்கு. தனியா வரல, உன் செருப்பையும் கூட்டிட்டு வந்திருக்கு."

சிரித்துக்கொண்டே போனேன். அவளுடைய தையல் இயந்திரம் தண்ணீரில் நின்றது. ஊரார் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் சேறு. "உன் வரைபடத்துக் குழியில இதையெல்லாம் போட்டு மூடிடு" என்றாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். வெட்கமாக இருந்தது, அவையோரே. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே முழங்குகிறேன்! அவர்கள் விதி நம் விதியாகட்டும்! தாளில் அல்ல, தரையில் தோண்டுவோம்! முதல் குழி என் முற்றத்தில்! முன்வரிசையில் முகம் திருப்பி அமர்ந்திருக்கும் என் தங்கைக்கு இந்த மேடையிலிருந்து நான் வாக்களிப்பது என்னவென்றால்... என்னம்மா? கேட்கவில்லை, உரக்கச் சொல்...

"மைக்கை விட்டுட்டுக் கடப்பாரையை எடு!"

கேட்டீர்களா? எட்டு நாளாகப் பேசாதவள் பேசிவிட்டாள்! தலைவர் மன்னிக்க வேண்டும். கையில் இன்னும் நான்கு பக்கம் உரை இருக்கிறது; அது இருக்கட்டும். கடப்பாரை வண்டியில் கிடக்கிறது, நான் இறங்குகிறேன். பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்!