பத்தாவது ஆள்

விளக்கு வரிசைக்கு நடுவே விளக்காகவே வீற்றிருக்கும் பட்டு வணிகர் சங்கத் தலைவர் பஞ்சாட்சரம் ஐயா அவர்களே, வயதால் மூத்து வாக்கால் இனிக்கும் பெரியவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, ஏனாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த தோழர்களே, சுண்டல் எந்த மூலையில் இருக்கிறது என்பதை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்ட என் சக வியாபாரிகளே, உங்கள் அத்தனை பேருக்கும் என் இரு கை வணக்கம்.

கார்த்திகை மாதமாயிற்றே, விளக்கைப் பற்றிப் பேசு என்றார் தலைவர். நம் விளக்கைப் பற்றி நமக்கே சொல்வது, வெளியூர்க்காரன் காஞ்சிபுரத்துக்குப் புடவை விற்க வருவது மாதிரி. ஆகவே இன்னொரு வீட்டு விளக்கைப் பற்றிப் பேசுகிறேன். அதன் பெயர் ஹனுக்கா. யூதர்களின் விளக்குத் திருநாள். இதோ, இந்த மாலையிலும் அது எரிந்துகொண்டிருக்கிறது.

முன்வரிசையிலிருந்து மஹாலட்சுமி அம்மா கேட்கிறார், "யூதருங்கன்னா வெளிநாட்டுக்காரங்களாபா?" இல்லை அம்மா. நான் சொல்லும் யூதர்கள் பம்பாய்க்குப் பக்கத்தில் தாணேயில், மராத்தி பேசி, நம் பட்டுப்புடவை கட்டி வாழ்கிறவர்கள். கொங்கணக் கரையில் செக்காட்டி எண்ணெய் எடுத்தவர்களின் வம்சம். சனிக்கிழமை அந்தச் செக்கு சுற்றாது. அதனால் சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே ஊரார் அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். இன்று அவர்களில் டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, என்னிடம் சரக்கு எடுக்கும் புடவைக் கடைக்காரரும் உண்டு. கல்யாண சீசனிலும் சனிக்கிழமை கடையை மூடுவார்கள். வயிறு எரிவது எனக்குத்தான்.

ஹனுக்கா என்ன கதை? பாழாக்கப்பட்ட தங்கள் ஆலயத்தை முன்னோர்கள் மீட்டபோது, ஒரு நாளுக்கு மட்டுமே இருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாம். அந்த நினைவில் எட்டு இரவு விளக்கு. முதல் இரவு ஒன்று, மறு இரவு இரண்டு, நாளுக்கு நாள் ஏறும். தெருவில் போகிறவன் பார்க்கட்டும் என்று ஜன்னலில் வைப்பார்கள். எண்ணெயில் பொரித்ததைத் தின்பார்கள். இந்த இடத்தில் மட்டும் எல்லோரும் தலையாட்டுகிறீர்கள்.

அந்தத் தாணேயில் புடவைக் கடை வைத்திருக்கிறவர் என் நண்பர் எலியாஸ் நாகாவ்கர். அவர் மனைவி ஃப்ளோரா அம்மா ஹனுக்கா நாளொன்றில் கண்மூடினார். நமக்குத் திதி போல அவர்களுக்கும் நிலாக் கணக்கு உண்டு. ஆண்டுதோறும் அந்த நாளில் எலியாஸ் ஒரு ஜெபம் சொல்ல வேண்டும். இறந்தவர் பெயரே அதில் வராது. முழுக்க முழுக்க இறைவனின் புகழ். ஆனால் அதைத் தனியாகச் சொல்லக் கூடாது. வயதுக்கு வந்த ஆண்கள் பத்து பேர் கூடி நின்று, ஆமென் சொல்ல வேண்டும். தாய்மார்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சில ஊர்களில் பெண்களையும் எண்ணுகிறார்களாம். தாணேயில் பழைய முறை.

போன வருஷம் அந்த முதல் திதிக்கு நான் தாணேயில் இருந்தேன். ஜெப ஆலயத்தில் ஒன்பது பேர். ஒன்பதே ஒன்பது பேர். நூறு பேர் நின்ற இடம் அது. எங்கே போனார்கள்? பிள்ளைகளைத் தேடி, வேலையைத் தேடி, வேதம் சொன்ன மண்ணைத் தேடி இஸ்ரேலுக்குப் போனார்கள். எலியாஸின் மகனும் அங்கேதான், அஷ்டோதில். போனில் முகம் காட்டி, "அப்பா, இங்க வந்துடு, பத்து பேருக்கா பஞ்சம்" என்கிறான். எலியாஸ் என்ன சொன்னார் தெரியுமா? "உங்கம்மா இந்த மண்ணுல இருக்காப்பா. நான் கிளம்பினா இங்க எட்டு பேர்தான்."

வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நம் ஊரில் ஆள் சேர்ப்பது பெரிய வேலையா? நெற்றியில் நாமம், தலையில் அவர்கள் கொடுத்த குட்டித் தொப்பி, அப்படியே எழுந்தேன். "எலியாஸ் பாய், என்னைச் சேத்துக்குங்க. நின்னுக்கினு இருந்தா போதும்ல?" எட்டு பேர் சிரித்துவிட்டார்கள். எலியாஸ் சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டு, "காஞ்சிபுரம், நீ வந்ததே பெருசு. ஆனா இது தலை எண்ணுற கணக்கில்ல. ஆண்டவனோட எங்க முன்னோர் பண்ணின வாக்குக்குக் கட்டுப்பட்டவங்க பத்து பேர் வேணும்" என்றார்.

அப்போதுதான் ரூபேன் ஞாபகம் வந்தது. அவரும் யூதர். எலியாஸ் கடைக்கு எதிர்க்கடை. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இருவருக்கும் சரக்கு போடுகிறவன் நான். ஓடினேன். கடை நிறைய கல்யாணக் கூட்டம். எங்கள் இந்தியை நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன், கேளுங்கள்.

"இன்னாபா, சரக்கு காட்ட வந்தியா? நேரமில்ல."

"ஆளைக் கூட்டிக்கினு போக வந்தேன். ஒரு ஆள் குறையுது."

"அவன் அனுப்பினானா?"

"அவரு வாசலைப் பாத்துக்கினு உக்காந்துனு இருக்காரு. நானா வந்தேன்."

"என் வாடிக்கைய எல்லாம் இழுத்துக்கினவன். அவனுக்கு நான் வரணுமா?"

"அவருக்கு வர வேணாம். ஃப்ளோராம்மாவுக்கு வா. பண்டிகைக்குப் பொரிச்சு உன் வீட்டுக்கு அனுப்பாம அந்தம்மா ஒரு வருஷம் இருந்திருக்குதா?"

ரூபேன் விரித்த புடவையை மடித்தார். "அம்மா, நாளைக்கு வாங்க" என்று கூட்டத்தையே எழுப்பினார். ஷட்டரை இழுத்துக்கொண்டே என்னிடம், "நிப்பேன். அவன்கிட்ட பேச மாட்டேன்" என்றார்.

நின்றார். எலியாஸ் ஜெபத்தைத் தொடங்கினார். குரல் உடைந்த இடத்தில் எழுந்ததே ஓர் ஆமென், அது யாருடைய குரல்? ரூபேனுடையது. முடிந்ததும் செருப்பை மாட்டியபடி எங்கோ பார்த்துக் கேட்டார், "நாளைக்கும் ஆள் குறையுமா?" எலியாஸ் சொன்னார், "நீ வந்தா குறையாது."

அன்பர்களே, விளக்கேற்ற ஒரு கை போதும். ஒருவன் துக்கத்துக்கு ஆமென் சொல்ல? ஊர் வேண்டும், உறவு வேண்டும், பகையாளியும் வேண்டும். அதைச் சட்டமாகவே வைத்தார்கள் அவர்கள். எதிரெதிர்க் கடை போட்டு முகம் பார்க்காதவர்கள் இந்தப் பந்தலிலும் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், இங்கேயும் நான் இரண்டு பக்கமும் வியாபாரம் செய்கிறவன்.

இன்று ஃப்ளோரா அம்மாவின் இரண்டாம் திதி. பத்தில் ஒருவர் சித்திரையில் மகளோடு இஸ்ரேல் போய்விட்டார். புனேயிலிருந்து ஒருவர் ரயிலில் வருவதாகப் பேச்சு. காலையில் எலியாஸ் சொன்னார், "ஏழு மணிக்குப் போன் போடு. ஆள் சேரலன்னா எடுப்பேன். சேந்துட்டா ஜெபத்துல நிப்பேன், எடுக்க மாட்டேன்." என் உடம்பு இந்த மேடையில் இருக்கிறது. மனசு அந்த வாசலில் நிற்கிறது. மணி ஏழு. ஐயா மன்னிக்க வேண்டும், உங்கள் முன்னாலேயே போடுகிறேன். தம்பி, கொஞ்சம் சத்தம் போடாதே.

மணி அடிக்கிறது. கேட்கிறதா? வாழ்நாளெல்லாம், எதிர்முனையில் எடுக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டவன் நான். இன்றைக்கு, எடுத்துவிடக் கூடாதே என்று வேண்டுகிறேன். அடிக்கிறது. இன்னும் அடிக்கிறது.

நின்றுவிட்டது. எடுக்கவில்லை.

அங்கே நிற்கும் பத்து பேருக்கும், இங்கே மூச்சடக்கிக் காத்திருந்த உங்களுக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.