விட்டுப்போனது யார் என்று கேட்ட குரல்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய குடும்பத்தாரே, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்கும் விவசாயப் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நிவாரணப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்து மறைந்த நம் சத்தக்காரரைப் பற்றி, விவசாயிகள் சங்கத் தலைவி என்ற முறையில் பேச வந்திருக்கிறேன். சத்தக்காரர்! நேரிலேயே அப்படித்தான் அழைத்தோம். ஒருநாளும் அவர் கோபித்துக்கொண்டதில்லை.

எனக்கு உரத்த குரல் ஆகாது. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டாலே அங்கே தண்டனை. என் கணவர் காலமான பிறகு நிலத்தை நானே பார்க்கத் தொடங்கினேன். வெள்ள நிவாரணப் பட்டியலை ஒருவர் சந்தைத் திடலில் ஒலிபெருக்கி வைத்து வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டபோது முகம் சுளித்தேன். யாருக்கு எவ்வளவு என்பதை ஊருக்கெல்லாம் முழங்க வேண்டுமா? அவரிடம் நேரிலேயே கேட்டேன்.

"அம்மா, இது என் வீட்டுப் பணமா, உங்க வீட்டுப் பணமா? ஊர்ப் பணம். ஊர் காதுல விழட்டும்" என்றார்.

சட்டம் சொல்லியா செய்தார்? அது அவராக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். பெயர், வயல் இருக்கும் இடம், என்ன பயிர், எவ்வளவு சேதம், என்ன தொகை. ஒவ்வொருவருக்கும் வாசித்து நிறுத்துவார். நிமிர்ந்து பார்ப்பார். மறுப்பவர் மறுக்கலாம்.

ஒருமுறை அவருடைய சொந்த அண்ணன் பெயர் வந்தது. நெல், முழுச் சேதம். வாசித்தார், நிறுத்தினார், நிமிர்ந்தார். அவர் முகத்துக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரோ அடுத்த பெயருக்குப் போகவேயில்லை! கடைசியில் பொறுக்கமாட்டாமல் எழுந்தவர் அவருடைய அண்ணிதான்.

"எங்க வயல் மேட்டுல இருக்கு தம்பி. தண்ணி எட்டிக்கூடப் பார்க்கல. உங்க அண்ணன்தான் ஆசைப்பட்டு எழுதிக் குடுத்துட்டாரு. அவர் பேரை அடிச்சிடுங்க!"

"ஏன் அண்ணி, இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுல உங்க அண்ணன் எங்க என்னைப் பேச விடுறாரு?"

திடலே சிரித்தது. அண்ணனும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அந்த அம்மா இதோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறார். சிரியுங்கள் அம்மா, அவருக்குப் பிடிக்கும்.

பட்டியல் முடிந்ததும், "விட்டுப்போனது யாரு?" என்று கேட்பார். கூச்சப்படுகிறவர் கூச்சம் தெளிந்து கை தூக்கும்வரை காத்திருப்பார். வேறு எந்த அலுவலகத்தில் அப்படி ஒரு காத்திருப்பைக் கண்டீர்கள்? இப்போதெல்லாம் அந்தத் திடலைக் கடக்கும்போது என் நடை தானாக மெதுவாகிறது. காது எதையோ தேடுகிறது. சத்தம் ஆகாது என்று சொன்ன எனக்கு, இன்று இந்த ஊரின் அமைதியைத் தாங்க முடியவில்லை.

இந்த முறை வந்த வெள்ளத்துக்கான பட்டியல் தயாராகிவிட்டது. அலுவலகத்துக்குள் ஒட்டினால் போதும் என்று பேச்சு அடிபடுகிறது. போதுமா? கதவோரம் நிற்கிற தம்பி, குத்தகை நிலத்தில் போட்ட கத்தரி முழுவதையும் ஆற்றுக்குப் பறிகொடுத்தவர். நிவாரணம் இவருக்கு வருகிறதா, நிலத்துக்காரருக்குப் போகிறதா? இவருக்கே தெரியாது. விசாரிக்கப் போனவரை "அப்புறம் வா" என்று காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். பட்டியலை உள்ளே ஒட்டிவிட்டு, ஆளை வெளியே நிறுத்தினால் அது என்ன வெளிப்படை?

சங்கத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன். திங்கட்கிழமை சந்தைத் திடலில் ஒலிபெருக்கி இருக்கும். வேறு ஆள் இல்லையென்றால் நானே வாசிப்பேன். தவறாக வாசித்தால் தாராளமாகக் கத்துங்கள், பழகிக்கொள்கிறேன்.

பட்டியல் மட்டும் என்னிடம் இல்லை. எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் புதிய கண்காணிப்பாளரிடம் இருக்கிறது. ஐயா, உங்கள் இரங்கலைப் பிறகு கேட்கிறோம். முதலில் இத்தனை பேர் முன்னிலையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பட்டியலைத் தருவீர்களா?

நான் உட்காரப் போவதில்லை. உங்கள் பதிலை நின்றபடியே கேட்டுக்கொள்கிறேன்.